தெமாரி

தெமாரி என்பது ஜப்பானில் தோன்றிய, நூலால் பூவேலை செய்யப்பட்ட பந்து ஆகும். உமி, பஞ்சு, பழந்துணி போன்ற ஏதேனும் ஒரு பொருளை உள்ளீடாக வைத்து, அதன்மேல் நூலை நெருக்கமாகச் சுற்றி உருண்டையாக்கி, பின்னர் அவ்வுருண்டையின் மேற்பரப்பில் வண்ண நூல்களால் வடிவங்களைத் தைத்து இது உருவாக்கப்படுகிறது. தொடக்கத்தில் தரையில் தட்டியும் மேலே எறிந்து பிடித்தும் விளையாடப்பட்ட விளையாட்டுப் பொருளாக இருந்த தெமாரி, 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரப்பர் பந்துகள் பரவியபின் தன் பயன்பாட்டை இழந்தது. இன்று இது பெரும்பாலும் அழகுப் பொருளாகவும் அன்பளிப்பாகவும் செய்யப்படுகிறது. ஜப்பானின் பல பகுதிகளில் இதற்குத் தனித்தனி மரபுகள் உள்ளன.

தெமாரிக்கும் துணியில் செய்யும் பூத்தையலுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. துணியில் வடிவத்தை முதலில் வரைந்துகொள்ளலாம். பந்தின் மேல் அவ்வாறு வரைவதில்லை. ஒரு தாள் பட்டை, சில குண்டூசிகள், வழிகாட்டி நூல் ஆகியவற்றைக் கொண்டே உருண்டையின் மேற்பரப்பு சம பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. இப்பிரிப்பின் துல்லியத்திலேயே வடிவத்தின் அழகு தங்கியுள்ளது.

பெயர்

ஜப்பானிய மொழியில் "தெ" என்பது கையையும் "மாரி" என்பது பந்தையும் குறிக்கும். எனவே தெமாரி என்பதற்குக் "கைப்பந்து" என்று பொருள் கொள்ளலாம். காலால் உதைத்து விளையாடும் பந்து "கெமாரி" எனப்படுகிறது. அதிலிருந்து வேறுபடுத்தும் பெயராகவும் தெமாரி அமைகிறது. அரண்மனை மகளிர் செய்த பந்து என்னும் பொருளில் "கொதென்மாரி" என்னும் பெயரும் சில பகுதிகளில் வழங்குகிறது. "கொதென்" என்பது அரண்மனை அல்லது மாளிகையைக் குறிக்கும்.

வரலாறு

தொடக்ககாலம்

கெமாரி விளையாட்டு ஏறத்தாழ 7 ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. இதற்கான பந்து மான்தோலால் செய்யப்பட்டது. அரசவையினரும் உயர்குடியினரும் வட்டமாக நின்று, பந்து தரையில் விழாதவாறு உதைத்து விளையாடினர். இவ்விளையாட்டு முற்றிலும் மறைந்துவிடவில்லை. கியோத்தோ நகரின் ஷிமொகாமோ கோயிலில் ஒவ்வோர் ஆண்டும் சனவரி 4 ஆம் நாள் இது மரபு உடையுடன் விளையாடப்படுகிறது.

கையால் விளையாடும் பந்தைப் பற்றிய பழைய குறிப்புகளுள் ஒன்று, காமக்குரா அரசின் வரலாற்றைக் கூறும் "அசுமா ககாமி" என்னும் நூலில் 1223 ஆம் ஆண்டுக்குரிய பதிவில் காணப்படுகிறது. அக்காலத்தில் இது பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் மட்டும் உரிய விளையாட்டாக இருக்கவில்லை. நூல் பந்துகள் அவ்வளவாகத் துள்ளாதவை என்பதால், தரையில் தட்டுவதைவிட மேலே எறிந்து பிடிப்பதே பொதுவான முறையாக இருந்தது.

எடோ காலம்

எடோ காலத்தில் (1603–1868) தெமாரி பெரும் வளர்ச்சி பெற்றது. அரண்மனைகளிலும் நிலக்கிழார்களின் மாளிகைகளிலும் பணியாற்றிய மகளிர், கிமோனோ உடைகளில் எஞ்சிய பட்டுத் துணிகளையும் பட்டு நூலையும் கொண்டு பந்துகளைச் செய்தனர். முதலில் பந்து குலையாமல் இருப்பதற்காகவே மேலே நூல் சுற்றப்பட்டது. காலப்போக்கில் அச்சுற்று நூலே அலங்காரமாக மாறியது. நூலைச் சுற்றுவதோடு நில்லாமல் தைத்து வடிவம் அமைக்கும் முறை வளர்ந்தது.

பட்டு விலை மிகுந்தது. எனவே பொதுமக்களிடையே தெமாரி பரவுவதற்குப் பருத்தியே காரணமாயிற்று. எடோ காலத்தில் பருத்திப் பயிர்ச்செய்கை ஜப்பானின் பல பகுதிகளுக்கும் விரிவடைந்தபோது, பருத்தி நூல் எளிய குடும்பங்களுக்கும் எட்டும் பொருளானது. பருத்தி நூலை இறுகச் சுற்றிய பந்து முன்னைய பந்துகளைவிட நன்கு துள்ளியது. இதனால் வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலும் மண்டியிட்டோ நின்றோ பந்தைத் தரையில் தட்டி விளையாடும் முறை சிறுமியரிடையே பரவியது. தட்டும் தாளத்துக்கு ஏற்பப் பாடப்பட்ட பாடல்கள் "தெமாரி உத்தா" எனப்பட்டன. புத்தாண்டு நாட்களில் சிறுமியர் விளையாடும் விளையாட்டுகளுள் தெமாரியும் ஒன்றாக இருந்தது.

வீழ்ச்சி

மெய்ஜி காலத்தின் (1868–1912) நடுப்பகுதியிலிருந்து ரப்பர் பந்துகள் சந்தைக்கு வந்தன. அவை மலிவானவை. நன்கு துள்ளுபவை. நனைந்தாலும் கெடாதவை. பல நாட்கள் உழைத்துச் செய்த நூல் பந்து, விளையாட்டுப் பொருள் என்ற அளவில் இவற்றோடு போட்டியிட இயலவில்லை. குழந்தைகள் ரப்பர் பந்துக்கு மாறினர். தெமாரிப் பாடல்கள் ரப்பர் பந்துடன் தொடர்ந்து பாடப்பட்டன. ஆனால் பந்து செய்யும் கலை பல ஊர்களில் படிப்படியாக மறைந்தது.

இக்கலை மறைவதற்கு அதன் இயல்பும் ஒரு காரணம் ஆகும். தெமாரி பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்கும் பாட்டியிடமிருந்து பேத்திக்கும் கைவழியாகவே கற்பிக்கப்பட்டது. முடிந்த பந்து ஒன்றைப் பார்ப்பவருக்கு அதன் மேற்பரப்பு வடிவம் மட்டுமே தெரியும். எந்த நூல் முதலில் தைக்கப்பட்டது, எந்த அடுக்கு எதன்கீழ்ச் செல்கிறது, அடிப்படைப் பிரிப்பு எத்தனை பகுதிகளைக் கொண்டது என்பன நூல்களுக்கு அடியில் மறைந்துவிடும். எனவே செய்யத் தெரிந்தவர் எவரும் இல்லாத ஊரில், பழைய பந்து கையில் இருந்தும் அதைப் போன்ற இன்னொன்றைச் செய்வது கடினமாயிற்று.

மீட்பு

20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல பகுதிகளில் தெமாரியை மீட்கும் முயற்சிகள் நடைபெற்றன. எஞ்சியிருந்த முதிய பெண்களிடம் கேட்டறிந்தும், பழைய பந்துகளை ஆராய்ந்தும் வடிவங்கள் திரட்டப்பட்டன. உள்ளூர்ப் பாதுகாப்புச் சங்கங்கள் தோன்றின. தைக்கும் முறைகளை வரைபடங்களுடன் விளக்கும் நூல்கள் வெளியாயின. ஜப்பான் தெமாரிச் சங்கம் பல நிலைகளைக் கொண்ட பயிற்சியையும் சான்றிதழையும் வழங்குகிறது. இவற்றின் விளைவாக, வீட்டுக்குள் மட்டும் வழங்கிய அறிவு எழுத்து வடிவம் பெற்றது. 1990களில் ஆங்கிலத்திலும் செய்முறை நூல்கள் வெளிவந்தபின் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் இக்கலையைக் கற்றனர்.

பொருட்கள்

உள்ளீடு

பழங்காலத்தில் அந்தந்தப் பகுதியில் எளிதாகக் கிடைத்த பொருளே உள்ளீடாகப் பயன்பட்டது. அவற்றுட் சில:

- நெல் உமி: மெல்லிய தாளில் பொதிந்து உருண்டையாக்கப்படும். எடை குறைந்தது. ஊசி எளிதில் புகும்.
- பன்னத்தின் பஞ்சு: "சென்மாய்" எனப்படும் பன்னச் செடியின் இளந்தளிர்களை மூடியிருக்கும் பஞ்சு போன்ற இழை.
- மரத்தூள், பஞ்சு, பழந்துணி.
- பீர்க்கங்காயின் உலர்ந்த நார்.

பந்து அசையும்போது ஒலி எழுப்புவதற்காகச் சிறு மணியையோ, கூழாங்கற்கள் அல்லது விதைகள் இட்ட சிப்பியையோ உள்ளீட்டின் நடுவில் வைப்பதும் உண்டு. தாய் தன் குழந்தைக்கான வேண்டுதலைச் சிறு தாளில் எழுதி உள்ளே வைத்துச் சுற்றும் வழக்கம் இருந்ததாகவும் கூறப்படுகிறது. தற்காலத்தில் பலர் தெர்மாகோல் பந்தை உள்ளீடாகப் பயன்படுத்துகின்றனர். இது சரியான உருண்டை வடிவில் கிடைப்பதால் தொடக்கநிலையில் உள்ளோருக்கு ஏற்றது.

நூல்கள்

ஒரு தெமாரியில் பொதுவாக மூன்று வகை நூல்கள் உள்ளன. முதலாவது, உள்ளீட்டின்மேல் சுற்றப்படும் அடிநூல். இதற்குக் கம்பளி நூலும் அதன்மேல் மெல்லிய தையல் நூலும் பயன்படுகின்றன. இரண்டாவது, மேற்பரப்பைப் பிரிக்கும் வழிகாட்டி நூல். இது பெரும்பாலும் சரிகை நூலாக இருக்கும். மூன்றாவது, வடிவங்களைத் தைக்கும் வண்ண நூல். இது பட்டாகவோ, பருத்தியாலான தடித்த முறுக்கு நூலாகவோ இருக்கலாம்.

பிற கருவிகள்

நீண்ட ஊசி, கத்தரிக்கோல், பல நிறத் தலைகளைக் கொண்ட குண்டூசிகள், ஏறத்தாழ அரை செண்டிமீட்டர் அகலமுள்ள தாள் பட்டை ஆகியவை போதுமானவை.

செய்முறை

உருண்டை செய்தல்

உள்ளீட்டின்மேல் முதலில் கம்பளி நூல் சுற்றப்படுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் பந்தைச் சிறிது திருப்ப வேண்டும். ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் சுற்றினால் அங்கே மேடு உண்டாகும். பின்னர், கம்பளி நூல் வெளியே தெரியாத அளவுக்குத் தையல் நூல் சுற்றப்படுகிறது. இடையிடையே பந்தை உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து உருட்டி வடிவம் சீராக்கப்படும். நூலின் முனை ஊசியில் கோக்கப்பட்டு, பல திசைகளில் சிறு தையல்கள் இடப்பட்டு மறைக்கப்படுகிறது.

இச்சுற்று நூல் அடுக்கே பந்தின் "துணி" ஆகும். பின்னர் இடப்படும் தையல்கள் அனைத்தும் இவ்வடுக்கையே பற்றி நிற்கின்றன. அடுக்கு மெல்லியதாக இருந்தால் தையல் பிடிப்பதற்கு இடம் இராது. மிகத் தளர்வாக இருந்தால் தையல் இடம் பெயர்ந்துவிடும்.

பிரித்தல்

மேற்பரப்பைச் சம பகுதிகளாகப் பிரிப்பது "ஜிவாரி" எனப்படுகிறது. பந்து ஒரு சிறு நிலவுருண்டையாகக் கருதப்பட்டு, அதில் வட துருவம், தென் துருவம், நடுக்கோடு ஆகியவை குறிக்கப்படுகின்றன. எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை பின்வருமாறு:

1. பந்தின் ஏதேனும் ஓர் இடத்தில் குண்டூசி குத்தப்படுகிறது. இது வட துருவம்.
2. தாள் பட்டையின் ஒரு முனையை அக்குண்டூசியில் பொருத்தி, பட்டை பந்தைச் சுற்றிக் கொண்டுவரப்படுகிறது. அது மீண்டும் குண்டூசியைத் தொடும் இடத்தில் வெட்டப்படுகிறது. பட்டையின் நீளம் இப்போது பந்தின் சுற்றளவுக்குச் சமம்.
3. பட்டை பாதியாகவும் பின்னர் காலாகவும் மடித்துக் குறிக்கப்படுகிறது.
4. பட்டையை மீண்டும் பந்தைச் சுற்றி வைத்து, பாதிக் குறி வரும் இடத்தில் இரண்டாம் குண்டூசி குத்தப்படுகிறது. இது தென் துருவம். பட்டையை வேறு திசைகளில் திருப்பி வைத்தும் இவ்விடம் சரிபார்க்கப்படுகிறது. குறி வேறிடத்தில் விழுந்தால் குண்டூசி நடுவான இடத்துக்கு நகர்த்தப்படும்.
5. கால் குறிகள் வரும் இடங்களில் நடுக்கோட்டுக்கான குண்டூசிகள் குத்தப்படுகின்றன.
6. பட்டை எட்டாக மடிக்கப்பட்டு, நடுக்கோட்டைச் சுற்றி வைக்கப்படுகிறது. மடிப்புகள் வரும் இடங்களுக்கு நடுக்கோட்டுக் குண்டூசிகள் மாற்றப்படுகின்றன.
7. வழிகாட்டி நூல் வட துருவத்தில் தொடங்கி, நடுக்கோட்டுக் குண்டூசி ஒன்றைத் தொட்டுத் தென் துருவம் சென்று, எதிர்ப்பக்கம் வழியாக வட துருவத்துக்குத் திரும்புகிறது. இவ்வாறு நான்கு முழுச் சுற்றுகள் இடப்பட்டால் எட்டுக் கோடுகள் கிடைக்கும். துருவங்களில் நூல்கள் சிறு தையலால் நிலைநிறுத்தப்படுகின்றன.
8. இறுதியாக நடுக்கோட்டைச் சுற்றி ஒரு நூல் இடப்படுகிறது.

தெமாரித் தையலில் முடிச்சுகள் வெளியே தெரிவதில்லை. ஊசியைச் சில செண்டிமீட்டர் தொலைவில் குத்தி, அடிநூல் அடுக்குக்குள்ளேயே செலுத்தித் தொடக்கப் புள்ளியில் வெளியே எடுப்பர். நூலின் வால் அடுக்குக்குள் மறைந்துவிடும். முடிக்கும்போதும் இதுவே முறை.

பிரிப்பில் ஏற்படும் சிறு பிழையும் பின்னர் பெரிதாகத் தெரியும். தென் துருவம் ஓரிரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் ஒரு பக்கத்து இதழ்கள் நீண்டும் மறுபக்கத்து இதழ்கள் குறுகியும் அமையும். தைத்தபின் இதைத் திருத்த இயலாது. நூலைப் பிரித்து மீண்டும் தொடங்குவதே வழி. எனவே தேர்ந்த கைவினைஞரும் அளப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் கணிசமான நேரத்தைச் செலவிடுகின்றனர்.

தைத்தல்

வடிவங்களைத் தைப்பது "ககாரி" எனப்படுகிறது. முதன்மையான தையல் வகைகள் வருமாறு:

- சிதோரி ககாரி: மீன்முள் தையலைப் போன்ற குறுக்கு மறுக்கான தையல். சிதோரி என்பது உப்புக்கொத்திப் பறவையின் ஜப்பானியப் பெயர்.
- மாசு ககாரி: நான்கு கோடுகளைச் சுற்றிச் சதுரங்களாகத் தைப்பது. இதேபோல் முக்கோணம், ஐங்கோணம் முதலியனவும் தைக்கப்படுகின்றன.
- த்சுமு ககாரி: நடுவில் அகன்று இரு முனைகளிலும் கூர்மையான கதிர் வடிவம்.
- மாக்கி ககாரி: தைக்காமல் பந்தைச் சுற்றி நூலை வரிசையாகப் படியவைத்துப் பட்டை அமைப்பது.
- மத்சுபா ககாரி: பைன் மர ஊசியிலை போன்ற, ஒரு புள்ளியிலிருந்து விரியும் நேர்கோடுகள். பெரும்பாலும் இடைவெளிகளை நிரப்பப் பயன்படுகிறது.

இவற்றுள் சிதோரி ககாரியால் உருவாகும் "கிக்கு" எனப்படும் செவ்வந்திப்பூ வடிவம் மிகவும் அறியப்பட்டது. எட்டாகப் பிரித்த பந்தில், ஒன்றுவிட்டு ஒரு கோட்டில் துருவத்துக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் குண்டூசி குத்தப்படும். நூல் துருவத்துக்கு அருகே முதற் கோட்டில் தொடங்கி, அடுத்த கோட்டிலுள்ள குண்டூசிக்குக் கீழ் இறங்குகிறது. அங்கே கோட்டுக்கு அடியில் வலமிருந்து இடமாகச் சிறு தையல் இடப்படுகிறது. பின்னர் மூன்றாம் கோட்டில் துருவத்தருகே ஏறி மீண்டும் ஒரு சிறு தையல். இவ்வாறு ஒரு சுற்று முடியும்போது நான்கு கூர்முனைகள் கொண்ட விண்மீன் வடிவம் கிடைக்கிறது. அடுத்த நூல் மேல் தையல்களைக் குண்டூசி இருந்த கோடுகளிலும் கீழ்த் தையல்களை மற்றக் கோடுகளிலும் கொண்டு தைக்கப்படும்போது மேலும் நான்கு முனைகள் சேர்ந்து எட்டு இதழ்கள் ஆகின்றன.

இரண்டாம் சுற்று முதலாவதற்கு வெளியே, அதை ஒட்டியே செல்கிறது. மேல் தையல் இடும்போது முன்னைய சுற்றுகளின் நூல்கள் அனைத்தையும் ஊசி சேர்த்து அணைத்து எடுக்கிறது. கீழ்த் தையல் முன்னையதற்குச் சற்றுக் கீழே இடப்படுகிறது. சுற்றுகள் கூடக்கூட இதழ்கள் வளர்கின்றன. ஒவ்வொரு சில சுற்றுகளுக்கும் நூலின் நிறம் மாற்றப்படுவதால் இதழ்களுக்கு நிழலும் ஒளியும் போன்ற தோற்றம் கிடைக்கிறது. நூலை மிகையாக இழுத்தால் இதழின் விளிம்பு வளையும். தளர்த்தினால் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

மறு அரைக்கோளத்திலும் இதே பூ தைக்கப்பட்டபின், நடுக்கோட்டைச் சுற்றிப் பட்டை ஒன்று இடப்படுவது வழக்கம். கிமோனோ உடையின் இடைக்கச்சையைக் குறிக்கும் "ஒபி" என்னும் சொல்லே இதற்கும் பெயராகும்.

வடிவவியல்

எளிய பிரிப்பு

வட துருவத்திலிருந்து தென் துருவத்துக்குச் செல்லும் கோடுகளால் மட்டும் பிரிப்பது எளிய பிரிப்பு எனப்படுகிறது. 4, 6, 8, 10, 12, 16 ஆகிய எண்ணிக்கைகள் பொதுவாகப் பயன்படுகின்றன. இதில் பந்துக்கு இரண்டு மையங்கள் மட்டுமே உண்டு.

கூட்டுப் பிரிப்பு

பந்தின் பல இடங்களில் ஒரே அளவான மையங்கள் அமையுமாறு கூடுதல் பெருவட்டங்களை இடுவது கூட்டுப் பிரிப்பு ஆகும். இது மூன்று வகைப்படும்.

- ஆறின் கூட்டுப் பிரிப்பு: 6 பெருவட்டங்களால் மேற்பரப்பு 24 முக்கோணங்களாகப் பிரிகிறது. இது ஒழுங்கான நான்முகியின் சமச்சீரைக் கொண்டது.
- எட்டின் கூட்டுப் பிரிப்பு: 9 பெருவட்டங்கள், 48 முக்கோணங்கள். இது கனசதுரம், எண்முகி ஆகியவற்றின் சமச்சீர். இதில் 6 சதுரங்களின் மையங்கள் கிடைக்கின்றன.
- பத்தின் கூட்டுப் பிரிப்பு: 15 பெருவட்டங்கள், 120 முக்கோணங்கள். இது பன்னிருமுகி, இருபதுமுகி ஆகியவற்றின் சமச்சீர். இதில் 12 ஐங்கோணங்களின் மையங்கள் கிடைக்கின்றன.

எட்டின் கூட்டுப் பிரிப்புக்குப் புதிய அளவீடு எதுவும் தேவையில்லை. எட்டாகப் பிரித்து நடுக்கோடும் இட்ட பந்தில் ஏற்கெனவே 5 பெருவட்டங்கள் உள்ளன. நடுக்கோட்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த நான்கு புள்ளிகளையும் புதிய துருவங்களாகக் கொண்டு, எதிரெதிரான ஒவ்வோர் இணைக்கும் இரண்டு சாய்வான பெருவட்டங்கள் இட்டால் மொத்தம் 9 ஆகிவிடும்.

பத்தின் கூட்டுப் பிரிப்புக்கு ஓர் அளவு தேவைப்படுகிறது. வட துருவத்திலிருந்து அடுத்த ஐங்கோண மையம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதே அது. தெமாரி செய்வோர் இதற்கு எளிய விதி ஒன்றைப் பயன்படுத்துகின்றனர்: சுற்றளவில் ஆறில் ஒரு பங்குடன் நூறில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, சுற்றளவு 24 செமீ எனில், 4 செமீ உடன் 0.24 செமீ கூட்டி 4.24 செமீ என்று கொள்வர். வடிவவியலின்படி இருபதுமுகியின் அடுத்தடுத்த இரண்டு உச்சிகள் கோளத்தின் மையத்தில் ஏறத்தாழ 63.43 பாகைக் கோணத்தை அமைக்கின்றன. இதன்படி கிடைக்கும் தொலைவு ஏறத்தாழ 4.23 செமீ ஆகும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் மட்டுமே. இது ஒரு நூலின் தடிப்பைவிடக் குறைவு என்பதால் நடைமுறையில் இவ்விதி போதுமானது.

பத்தாகப் பிரித்த பந்தில், வட துருவத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒரு கோட்டில் இத்தொலைவில் 5 குண்டூசிகளும், தென் துருவத்திலிருந்து எஞ்சிய கோடுகளில் 5 குண்டூசிகளும் குத்தப்படுகின்றன. துருவங்களோடு சேர்த்து 12 மையங்கள் கிடைக்கின்றன. இவற்றை இணைத்து மற்றப் பெருவட்டங்கள் இடப்படுகின்றன.

பந்தின் சமச்சீர் பண்புகள் கணிதவியலாளரின் கவனத்தையும் ஈர்த்துள்ளன. தெமாரியில் காணப்படும் கோளச் சமச்சீர்களைப் பற்றிய ஆய்வு, நூலிழைக் கலைகளையும் கணிதத்தையும் இணைக்கும் 2011 ஆம் ஆண்டுத் தொகுப்பு நூல் ஒன்றில் இடம்பெற்றது.

வட்டார வகைகள்

பல பகுதிகளில் தெமாரிக்குத் தனி இயல்புகள் உள்ளன. அவற்றுள் நன்கு அறியப்பட்ட சில கீழே தரப்படுகின்றன.

சனுக்கி ககாரி தெமாரி

சனுக்கி என்பது ஷிக்கோக்குத் தீவிலுள்ள இன்றைய ககாவா மாகாணத்தின் பழைய பெயர். இப்பகுதி உப்பு, சர்க்கரை, பருத்தி ஆகிய மூன்று வெண்பொருட்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. இங்கு உமியை உள்ளீடாகக் கொண்டு, தாவரச் சாயங்களால் நிறமூட்டிய பருத்தி நூலால் பந்துகள் தைக்கப்படுகின்றன. சாயமிட்ட பருத்தி நூலில் பளபளப்பு இல்லாததால் இப்பந்துகள் மென்மையான தோற்றம் உடையவை. மறையும் நிலையிலிருந்த இம்மரபு 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீட்கப்பட்டது. தக்கமாத்சு நகரில் இதற்கான பாதுகாப்புச் சங்கம் இயங்குகிறது. சாயமேற்றுவது முதல் தைப்பது வரை அனைத்தும் இங்கே கற்பிக்கப்படுகின்றன.

காகா தெமாரி

இஷிக்காவா மாகாணத்தின் கனசாவா நகரைச் சார்ந்தது. 1601 ஆம் ஆண்டில் தொக்குகவா ஹிதேததாவின் மகளான தமாஹிமே, காகா நிலக்கிழார் குடும்பத்தின் மயெதா தொஷித்சுனேவை மணம் செய்வதற்காகச் சிறு குழந்தையாக எடோவிலிருந்து வந்தபோது பந்து ஒன்றைக் கொண்டுவந்தார் என்றும், அதுவே இம்மரபின் தொடக்கம் என்றும் கூறப்படுகிறது. மணமாகிச் செல்லும் மகளுக்குத் தீமைகளிலிருந்து காக்கும் பொருளாகத் தெமாரி கொடுத்தனுப்பும் வழக்கம் இப்பகுதியில் உள்ளது.

ஹொன்ஜோ கொதென்மாரி

அக்கித்தா மாகாணத்தின் யுரிஹொன்ஜோ நகரைச் சார்ந்தது. ஹொன்ஜோ கோட்டையின் மாளிகை மகளிரிடமிருந்து தோன்றியதாகக் கூறப்படுகிறது. பந்தின் மூன்று பக்கங்களில் குஞ்சங்கள் தொங்குவது இதன் தனி அடையாளம் ஆகும்.

மத்சுமோத்தோ தெமாரி

நகானோ மாகாணத்தின் மத்சுமோத்தோ நகரில் எடோ காலத்தில் சாமுராய்க் குடும்பப் பெண்களால் செய்யப்பட்டது. பின்னர் வழக்கொழிந்து மீண்டும் உயிர்பெற்றது. தெமாரி இந்நகரின் அடையாளங்களுள் ஒன்று. தெருக்களில் உள்ள பாதாளச் சாக்கடை மூடிகளிலும் இதன் வடிவம் வார்க்கப்பட்டுள்ளது.

யனகாவா மாரி

ஃபுக்குவோக்கா மாகாணத்தின் யனகாவா நகரில், பெண் குழந்தையின் முதலாவது பொம்மைத் திருவிழாவின்போது "சகேமொன்" எனப்படும் தொங்கல் அலங்காரம் கட்டப்படுகிறது. ஏழு சரங்கள் ஒவ்வொன்றிலும் ஏழு பொருட்களாக 49 சிறு பொருட்களும், நடுவில் இரண்டு பெரிய பந்துகளும் சேர்த்து மொத்தம் 51 இடம்பெறும். மனிதரின் ஆயுள் 50 ஆண்டுகள் எனக் கருதப்பட்ட காலத்தில், தம் மகள் அதனினும் ஓராண்டாவது கூடுதலாக வாழ வேண்டும் என்னும் விருப்பத்தை இந்த எண்ணிக்கை குறிக்கிறது.

பண்பாட்டில் தெமாரி

கோணமில்லாத உருண்டை வடிவம் குடும்பத்தில் இணக்கத்தையும் நல்வாழ்வையும் குறிப்பதாகக் கருதப்படுகிறது. தைக்கப்படும் வடிவங்களுக்கும் பொருள் உண்டு. எடுத்துக்காட்டாக, "அசனோஹா" எனப்படும் சணல் இலை வடிவம், விரைவாகவும் நேராகவும் வளரும் அச்செடியைப் போலக் குழந்தை வளர வேண்டும் என்னும் வாழ்த்தாகும்.

ஜென் பௌத்தத் துறவியும் கவிஞருமான ரியோகான் (1758–1831) தெமாரியுடன் நெருங்கிய தொடர்புடையவர். இன்றைய நீகாத்தா மாகாணத்தில் எளிய வாழ்க்கை நடத்திய இவர், தம் அங்கியின் கைப்பகுதிக்குள் பந்தை வைத்துக்கொண்டு ஊர்க் குழந்தைகளுடன் விளையாடியதாக அறியப்படுகிறார். தெமாரியைப் பற்றிப் பல பாடல்களையும் இயற்றியுள்ளார். அவருடைய முதுமையில் அவரிடம் மாணவியாக வந்த தெய்ஷின் என்னும் பெண் துறவிக்கும் அவருக்கும் இடையே பரிமாறப்பட்ட முதற் பாடல்களும் தெமாரியைப் பற்றியவையே. ரியோகானின் மறைவுக்குப்பின் தெய்ஷின் அவருடைய பாடல்களை 1835 ஆம் ஆண்டில் தொகுத்தார்.

ஐக்கூ கவிதையில் தெமாரி புத்தாண்டைக் குறிக்கும் பருவச்சொல்லாகப் பயன்படுகிறது. சிறுமியரின் கிமோனோ உடைகளில் இது விருப்பமான வடிவம் ஆகும். உருண்டையான பூங்கொத்துகளைக் கொண்ட இரண்டு செடிகள் "ஓதெமாரி" (பெரிய தெமாரி), "கொதெமாரி" (சிறிய தெமாரி) எனப் பெயர் பெற்றுள்ளன. சிறு உருண்டையாகப் பிடிக்கப்படும் ஒருவகைச் சூஷி உணவு "தெமாரி சூஷி" எனப்படுகிறது.

தொடர்புடைய கைவினைகள்

காகா பகுதியில் தையற்காரப் பெண்கள் எஞ்சிய பட்டு நூல்களைக் கொண்டு விரலணிகளைச் செய்தனர். "யுபினுக்கி" எனப்படும் இவை, தைக்கும்போது விரலில் அணியும் வளையங்கள் ஆகும். தெமாரியைப் போலவே வளையத்தின் சுற்றளவைச் சமமாகப் பிரித்து நூலை வரிசையாகப் படியவைத்து இவை அமைக்கப்படுகின்றன.

இன்றைய நிலை

தெமாரி இன்று விளையாட்டுப் பொருளாகப் பெரிதும் பயன்படுவதில்லை. புத்தாண்டு, குழந்தைப் பிறப்பு, திருமணம் ஆகியவற்றுக்கான அன்பளிப்பாகவும், வீட்டு அலங்காரமாகவும், சுற்றுலாப் பயணிகள் வாங்கும் நினைவுப் பொருளாகவும் விளங்குகிறது. விரல் நுனி அளவிலான பந்துகள் காதணிகளாகவும் சாவிக் கோவைகளாகவும் விற்கப்படுகின்றன.

ஒரு பந்தைச் செய்து முடிக்க, வடிவத்தைப் பொறுத்துச் சில மணி நேரம் முதல் பல நாட்கள் வரை ஆகலாம். இவ்வுழைப்பில் பெரும்பகுதியை இயந்திரத்தால் செய்ய இயலாது. இதனால் கையால் தைத்த பந்துகளின் விலை மிகுதியாக உள்ளது. அதே நேரத்தில், தொழிலாக இதைச் செய்வோரின் எண்ணிக்கை சிறிதாகவே இருக்கிறது. பல ஊர்களில் இம்மரபு பாதுகாப்புச் சங்கங்களின் வகுப்புகளாலும் பொழுதுபோக்காகக் கற்போராலும் தொடர்ந்து வாழ்ந்து வருகிறது. முன்பு குடும்பத்துக்குள் மட்டும் கற்பிக்கப்பட்ட இக்கலையை இன்று குடும்பத்துக்கும் நாட்டுக்கும் வெளியே உள்ளோரும் கற்று வருகின்றனர்.

இவற்றையும் பார்க்க

- கெமாரி
- கிமோனோ
- பூத்தையல்
- ரியோகான்
- இருபதுமுகி